எங்கள் ஷெட்டில் கிரிஷ் என்று யாரும் இல்லை

தவமணி உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியவன் நான்தான். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகக்கண்களில் கரிப்பொடி. ரப்பரில் கலக்க நாங்கள் பயன்படுத்தும் அந்தப் பொடி, எந்தச் சோப்புக்கும் அசையாது.

நாங்கள் இருந்த கூட்ட அறைக்கு 'வைகை' என்று பெயர் வைத்திருந்தோம். நிஜ வைகையைப் போலவே அதிலும் வருஷத்தில் பாதி நாள் ஒன்றும் ஓடாது. அன்று விசாரணை ஓடியது. மேசைக்கு இந்தப் பக்கம் பொது மேலாளராகிய நான். பக்கத்தில் மனிதவள அதிகாரி. சுவரில் இருந்த பெரிய திரையில், பெங்களூரிலிருந்து எங்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் விக்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். முந்தின வாரம் ரப்பர் அரைக்கும் மில் இயந்திரத்தில் நடந்த விபத்துக்குத் தவமணி பொறுப்பா, இல்லையா? இல்லை என்றால் அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரம். பொறுப்பு என்றால் மேலூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஏம்மா, பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு என்ன செஞ்ச?"

"கூப்பிட்டேன் சார்."

"என்னன்னு கூப்பிட்ட?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கிரிஷ்னு."

மூக்கையா என்கிற, ஐம்பதைத் தாண்டிய, முறுக்கு மீசை வைத்த மில் மேஸ்திரி எப்படிக் கிரிஷ் ஆனார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அதைச் சொல்ல நான் மலைக்குப் போன கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்பக்கமாக விழுந்தது

தலைமை அலுவலகம் எங்கள் மேலாளர்கள் எல்லோரையும் மூன்று நாள் ஒரு மலை விடுதிக்கு அனுப்பியது. ஊழியர்களை எப்படி வழிநடத்துவது, எப்படி ஊக்குவிப்பது, எப்படி அவர்கள் மனத்தில் இடம்பிடிப்பது என்று பயிற்சி. எனக்கு அப்போது ஓய்வுபெற அதிக காலம் இல்லை. இத்தனை வருஷமாக யாருடைய மனத்திலும் இடம் பிடிக்கவில்லை என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது.

விக்கின் முழுப்பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கால் மீ விக்" என்றார். முதல் நாள் எங்களைப் பந்து எறிந்து விளையாட வைத்தார். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழச் சொன்னார். பின்னால் நிற்கும் சகாக்கள் பிடிப்பார்கள், அதுதான் நம்பிக்கை. நான் விழுந்தேன். நிதி மேலாளர் பிடித்தார். கொள்முதல் மேலாளர் அந்த நேரம் போனில் இருந்தார்.

கழுத்துப் பிடிப்போடும் புது ஞானத்தோடும் மதுரை திரும்பினேன்.

விக் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து ஒரு பகல் முழுக்கச் சுற்றினார். திருமங்கலம் தாண்டி, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஷெட். வாகனங்களுக்கான ரப்பர் உதிரிகள் செய்தோம். சாயங்காலம் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கோவிந்தராஜன், உங்க யூனிட்ல யாருக்குமே பேர் இல்ல. எல்லாரும் அண்ணே, அக்கா, மாப்ள, மாமா. இது ஆபீஸா, கல்யாண வீடா? இப்படி இருந்தா ஒரு ஜூனியர் எப்படித் தைரியமா கருத்துச் சொல்வான்?"

அவர் முன்னால் நான் தலையாட்டினேன். ஐயா, இது மதுரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்கே பஸ் கண்டக்டர் சில்லறைக்கு அண்ணே என்பார். சில்லறை இல்லாதவரும் அண்ணே என்பார். டிராபிக் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்போதும் அண்ணேதான். சட்டையைப் பிடித்து அடிக்கப் போகிறவன்கூட, "அண்ணே, மரியாத கெட்டுப்போயிரும்" என்று மரியாதையோடுதான் ஆரம்பிப்பான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்த ஊரில் யாரும் யாரிடமும் பேச்சை ஆரம்பிக்க முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பெங்களூர்க்காரர் முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரியக்கூடாது என்று சொல்லாமல் இருந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு தத்துவம் எதுவும் இல்லை.

ஒரு பெட்டியைப் பற்றி

இந்த மாதிரி சீர்திருத்தம் எனக்குப் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நூல் ஆலையில் உதவி அலுவலராக இருந்தேன். அப்போதைய நாகரிகம் ஆலோசனைப் பெட்டி. தொழிலாளர் மனத்தில் இருப்பதை எழுதிப் போடட்டும் என்று ஒரு தகரப் பெட்டியைச் செய்து, பச்சை வர்ணம் அடித்து, நடைவழியில் மாட்டினோம்.

ஒரு வருஷம் கழித்து எல்லோர் முன்னிலையிலும் திறந்தார் மேனேஜர். உள்ளே பஸ் டிக்கெட்டுகள், பாக்குப் பொட்டலம், ஒரே ஒரு ஆலோசனை. 'இந்தப் பெட்டியை வேறு இடத்தில் மாட்டவும். தலையில் இடிக்கிறது.'

மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, குறும்பு என்று கிழித்துப் போட்டார். பெட்டி அங்கேயே இருந்தது. நான் அந்த ஆலையை விட்டு வரும்வரை ஆட்கள் அந்த இடத்தில் குனிந்துதான் போனார்கள். மேனேஜரைப் பார்த்து அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்தேன். என் தகரப் பெட்டி எனக்காகக் காத்திருந்தது அப்போது தெரியாது.

இலை உதிர்ந்த காலம்

திட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் இருந்தது. ஷெட்டில் அதை 'பேரு சொல்லுற ஸ்கீம்' என்றார்கள். எல்லோருக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள பேட்ஜ். பேட்ஜில் சுருக்கமான, துடிப்பான பெயர். இனி அதைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும். நான் ராஜ். கேன்டீன் பொறுப்பாளர் செல்லத்துரை, செல்.

மூக்கையாவின் பள்ளிச் சான்றிதழில் கிருஷ்ணமூர்த்தி என்று இருந்தது. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவரைப் பெற்றதும் மூக்குக் குத்தி மூக்கையா என்று பெயரிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி என்று எழுதிக்கொண்டார். வாத்தியாரோடு அந்தப் பெயர் முடிந்துபோனது. எங்கள் ஷெட்டில் அவர் எல்லோருக்கும் மூக்கையண்ணன். விக் சான்றிதழைப் பார்த்து கிரிஷ் ஆக்கினார்.

ஸ்டோர் பொறுப்பாளர் காதர் பாய் மட்டும் என் அறைக்கு வந்தார். முனிச்சாலைக்காரர், நெடுநாள் ஊழியர்.

"சார், என்னய பாய்னு கூப்பிடக் கூடாதாமே?"

"பாய்னாலும் அண்ணன்னுதானே பாய் அர்த்தம். அதுவும் உறவுமுறைதான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் பாய்."

"இப்ப நீங்களே ரெண்டு தடவ கூப்பிட்டீங்களே சார்."

சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் என் மனைவிக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அதில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அப்ப நானும் இனிமே ராஜ்னு கூப்பிடட்டுமா?" அன்று ராத்திரி தோசை வைக்கும்போது, "ராஜ், சட்னி போதுமா?" என்று கேட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சிரித்த சத்தம் கேட்டது. நானும் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டேன்.

ஷெட் வாசலில் சுவர் முழுக்க ஒரு மரம் வரைந்தோம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கிளை. கிளை நிறையக் காகித இலைகள். யாராவது அண்ணே, அக்கா என்று சொல்லி மாட்டிக்கொண்டால் அந்தப் பிரிவின் கிளையிலிருந்து ஓர் இலையைப் பிய்ப்போம். வருஷக் கடைசியில் இலை அதிகமுள்ள பிரிவுக்குக் கொடைக்கானல் சுற்றுலா.

முதல் வாரம் இலைகள் உதிர்ந்தன. இரண்டாம் வாரம் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். தன்னைவிடப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணே என்றால் இலை போகும். கை தட்டினார்கள். 'ஸ்ஸ்' என்றார்கள். தகரத்தைத் தட்டினார்கள். ஒருவன் சாக்குத்துணியைச் சுருட்டி எறிந்துதான் அடுத்தவனைத் திரும்ப வைத்தான். பிசிறு வெட்டும் முடித்தல் பிரிவுப் பெண்கள் பேச்சையே விட்டுவிட்டதால் அவர்கள் கிளை மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. விக் அதைப் படம் எடுத்துத் தலைமை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'கலாசாரம் மாறுகிறது' என்று தலைப்பு. எனக்கு நிறைய கட்டைவிரல்கள் வந்தன.

இரண்டு உருளை

ரப்பர் மில் என்பது இதுதான். இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராக உள்நோக்கிச் சுழலும். நடுவில் போட்ட ரப்பர் சூடேறி, இளகி, உருளையைச் சுற்றித் தகடாக வரும். முன்னால் நிற்பவர் அதை அறுத்து மடித்து மறுபடி உள்ளே கொடுக்க வேண்டும். தலைக்கு மேல் ஒரு கயிறு உண்டு. இழுத்தால் மில் நிற்கும். ஆனால் இழுத்த நொடியே அல்ல. கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும்.

தவமணி ஐ.டி.ஐ. முடித்தவள். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மில் பகுதியில் நாங்கள் எடுத்த முதல் பெண் தொழில் பழகுநர் அவள்தான். அதைப் பெருமையாகச் செய்திமடலில் படத்தோடு போட்டிருந்தேன். மூக்கையாவின் கீழ்தான் வேலை பழகினாள்.

விபத்தன்று காலை, அவள் வழக்கம்போல உள்ளே நுழைந்ததும், "அண்ணே, சாப்டாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். இலை போனது. மில் பிரிவுக்கு மிஞ்சியிருந்ததே சில இலைகள்தான். கூட வேலை செய்தவர்கள் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். 'கொடைக்கானலை நீதான் கெடுக்கப்போற' என்று.

மதியத்துக்கு மேல் மூக்கையா மில்லில் நின்றிருந்தார். முகத்தைத் திருப்பி, பின்னால் எடை போடுகிறவரிடம் எதையோ கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இடது கை தகட்டின் மேல் இருந்தது. கையுறையின் நுனி சூட்டு ரப்பரில் ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. கரிப்பொடிச் சட்டியோடு கொஞ்சம் தள்ளி வந்துகொண்டிருந்த தவமணி கவனித்தாள்.

கத்தினாள். பேட்ஜில் இருந்த பெயரைச் சொல்லிக் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். மூக்கையா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கையுறையை விட்டுக் கையை உருவியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கயிற்றை இழுத்தாள். மில் நிற்பதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில்

விசாரணைக்கு முந்தின நாள் ஆப்பிள் பையோடு போனேன். மேலாளர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடுதான் போவோம். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார் மூக்கையா.

"அந்தப் பிள்ள கயித்த இழுக்கலேன்னா கை முழுசும் போயிருக்கும்னு டாக்டர் சொல்லுறாரு சார்."

"முன்னாடியே கூப்பிட்டாளாமே?"

"கூப்பிட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. எவனோ கிரிஷ்னு புதுசா ஒருத்தன் சேந்திருக்கான் போலன்னு நெனச்சேன். என்னய யாரு சார் கிரிஷ்னு கூப்பிடப் போறா?"

"பேட்ஜ்ல போட்டிருக்கே."

"அது என் நெஞ்சுல குத்தியிருக்கு சார். எதிர நிக்கிறவனுக்குத்தான அது தெரியும்?"

நான் ஆப்பிள்களைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க சார். அது மேல ஒரு தப்பும் கெடையாது."

"சொல்லமாட்டேன் மூக்கையா" என்றேன்.

மறுபடி வைகையில்

ஆக, தவமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு 'கிரிஷ்னு' என்று சொன்னபோது, எனக்கு எல்லாமே தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"அந்த அவசரத்துல ரூலெல்லாம் பாக்கணுமா? எப்பவும் போல அண்ணேன்னு கத்தியிருந்தா திரும்பியிருப்பாருல்ல?"

ரூல் போட்டவன் கேட்ட கேள்வி இது.

"வாயில அதுதான் சார் வந்துச்சு. காலையிலதான் இலை போச்சுன்னு அம்புட்டுப் பேரும் திட்டுனாக. அதான் முழுங்கிட்டேன்." நாற்காலியை விட்டு நிமிர்ந்தாள். "அவசரம்னா ரூல் கெடையாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்."

திரையில் விக் முன்னால் சாய்ந்தார். "ஓகே. இதுல நம்ம லேர்னிங் என்ன? கூப்பிட்டது சரி. ஆனா கனெக்ட் ஆகல. இது கம்யூனிகேஷன் கேப்."

மனிதவள அதிகாரி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. நான் 'அந்தப் பெண் சொல்வது சரி, மூக்கையா என்னிடம் சொன்னார்' என்று வாயைத் திறந்திருந்தால் அவரும் பேசியிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் விரல்கள் போனதற்குக் காரணம் என் திட்டம் என்று ஆகும். அடுத்த மாதம் சிறந்த தொழிற்சாலை என்று எங்களுக்குக் கேடயம் தருவதாகத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. ஓய்வுபெறும் வருஷம். கேடயத்தோடு போகவேண்டும் என்று ஆசை.

'தொழில் பழகுநர் பயனுள்ள முறையில் எச்சரிக்கை தரவில்லை' என்று முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதுகாப்பில் கவனக்குறைவு. நிரந்தரம் இல்லை.

தவமணி அழவில்லை. "சரிங்க சார்" என்றாள். மேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல மணியைப் பார்த்தாள். போய்விட்டாள்.

கேடயம் வந்தது. மேடையில் விக், நேர்மையான பின்னூட்டம்தான் தலைமையின் ஆணிவேர் என்று பேசினார். நான் கைதட்டினேன்.

திட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. மூக்கையா கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் ஒருவன், "வாங்கண்ணே" என்றான். பக்கத்தில் நின்ற மனிதவள அதிகாரி காதில் விழாதது மாதிரி நடந்து போனார். திட்டம் அன்றோடு சரி. மரத்தில் மிச்சமிருந்த இலைகளில் கரிப்பொடி படிந்தது.

திருப்பரங்குன்றத்தில் ஒரு பந்தி

போன மாதம் ஒரு முகூர்த்தத்துக்குத் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மூக்கையா. அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். இடது கையால் தம்ளரைப் பிடிக்கும்போது மட்டும் அந்த விரல்கள் இல்லாதது தெரிந்தது. கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"நல்லாருக்கீகளா சார்? பத்திரிகையில எழுதுறீகளாம்ல. மருமக படிச்சுக் காட்டுச்சு. உங்க பழைய மேனேஜர்மாரையெல்லாம் போட்டு நொறுக்கிட்டீக. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு."

"ஏதோ எழுதுறேன் மூக்கையா."

"எழுத்துல நம்ம ஷெட்டுப் பக்கம் எப்ப வாரீக?"

நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"வெரல விடுங்க சார். அது போச்சு, பழகிருச்சு. அந்தப் பிள்ளையத்தான் சொல்லுறேன். மெஷின் வேலைக்குப் போன எடத்துலயெல்லாம் நம்ம கம்பெனிக்குப் போனப் போட்டுக் கேட்டிருக்கானுக. கவனக்குறைவுன்னு சொல்லி அனுப்பியிருக்காக. இப்ப விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நிக்குது. காலையில ஏறுனா ராத்திரி வரைக்கும் நின்னபடிதான். ஐ.டி.ஐ. படிச்ச பிள்ள."

"நான் பேசலாமா?"

"அதத்தான நான் இத்தன வருஷமா கேக்க நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்கண்ணே" என்றது தவமணியின் குரல். பின்னால் யாரோ சேலை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பழைய ஜி.எம். சார் பேசணுங்கிறாரும்மா."

நான் போனை வாங்கினேன்.

"தவமணி, நான் உனக்குப் பண்ணுனது தப்பும்மா."

"எது சார்?"

மழுப்ப முடியாத கேள்வி. "நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும். மூக்கையா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாரு."

"விசாரணைக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"அண்ணன் சொல்லியிருக்காரு. நான்தான் நம்பல. தெரிஞ்சிருந்தா சார் அப்படி எழுதியிருக்க மாட்டாருன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் நின்று, யாரோ மைக்கில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அறிவித்தார்கள்.

"நான் என்ன செய்யணும் சொல்லும்மா."

"கடைக்கெல்லாம் வந்து நிக்காதீங்க சார். மொதலாளி ஏதாச்சும் கேப்பாரு." யோசித்தாள். "பத்திரிகையில எழுதுறீங்களாமே. அதுல எழுதுங்க. கத சொல்லாதீங்க. நான் கூப்பிட்டேன்னு எழுதுங்க. என் பேரப் போட்டு. அந்தப் பக்கத்த வெட்டி வச்சுக்கிறேன். அடுத்த எடத்துல கேட்டா காட்டுவேன்ல."

"எழுதுறேன்."

"ஆளு வந்திருக்காங்க. வைக்கிறேன் சார்."

கதை சொல்லாதீர்கள் என்று அவள் சொன்ன பிறகும் இத்தனை பத்தி கதை சொல்லிவிட்டேன். விக்கையும் கேலி செய்துகொண்டேன், மேனேஜரையும் கேலி செய்துகொண்டேன். பத்திரிகை ஆசிரியரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: கீழே உள்ளதை மட்டும் தனியாக, கட்டம் கட்டி, கத்தரிக்க வசதியாக அச்சிட வேண்டும் என்று.

*மேலூர்ப் பக்கத்துத் தவமணி, எங்கள் தொழிற்சாலையில் மில் தொழில் பழகுநராக இருந்தவர். விபத்தன்று அவர் சரியான நேரத்தில், நிர்வாகம் சொல்லிக்கொடுத்தபடி கூப்பிட்டு எச்சரித்தார். கூப்பிட்டது கேட்டது என்று அடிபட்டவரே சொன்னார். கயிற்றை இழுத்து அவருடைய கையைக் காப்பாற்றியதும் தவமணிதான். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் எழுதியது பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.*

*கோவிந்தராஜன், அப்போதைய பொது மேலாளர்.*